ஏழு தண்ணீர் அலசிய தாள்

முத்திரை குத்தாத எதையும் தராசுக்காரர் நம்பமாட்டார். குணமும் அது, பிழைப்பும் அது. கடைத்தெருக் கோடியில் பத்தடிக்கு எட்டடியில் ஒரு கடை. காய்கறிக்காரர், பழைய இரும்புக்காரர், நகைப் பட்டறைக்காரர் என்று யாருடைய தராசு பொய் சொல்ல ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து சேரும். முள்ளைச் சரிசெய்வார், படிக்கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார், மனம் ஒப்பினால் தராசின் கழுத்தில் கம்பி கோத்து, ஈயத் துண்டை அதில் செருகி, முத்திரைக் குறட்டால் ஒரே அழுத்து அழுத்துவார். அதற்கப்புறம் அந்தத் தராசு காட்டுவதுதான் எடை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு முத்திரையைக்கூட அவர் திருட்டுத்தனமாகப் பிரித்ததில்லை. பிரித்தது தெரியாமல் திரும்ப மூட அவருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அவருடைய மனைவி சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசையில் இருபத்தாறு வருடம் நின்றவள். எந்தக் கறை எதற்குப் போகும், எது எதற்குமே போகாது என்று துணியைத் தொட்டதும் சொல்லிவிடுவாள். ஆறு நாள் கறையை எடுத்த கை, ஏழாவது நாள் கறையை உண்டாக்கும். கெட்டித் தாளை நன்றாக நனைத்து, சலவை நீலம், தேயிலைச் சாறு, ஆணி ஊறவைத்த துருத் தண்ணீர், கடையில் வாங்கிய பச்சை வண்ண வில்லை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் அதன்மேல் ஓடவிடுவாள். ஈரம் காய்வதற்குள் உப்பைத் தூவுவாள். இலையை ஒட்டி உரிப்பாள். தூறல் விழுந்தால் தாளை வெளியே நீட்டி, மீதியை வானத்தின் பொறுப்பில் விட்டுவிடுவாள். ரயில் பணிமனைக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. அந்தக் குட்டைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துவந்துதான் வண்ணம் கரைப்பாள்.

தாளில் குட்டையும் இருக்காது, கொக்கும் இருக்காது. ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் மழைக்கு முன்னால் அந்தக் கரையில் நிற்கிற மாதிரி உடம்பு சிலிர்க்கும். இது எப்படி என்று தராசுக்காரருக்குப் புரிந்ததே இல்லை.

"இது என்னதும்மா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"எதுவும் இல்லைங்க. அங்க நின்னப்ப எப்படி இருந்துச்சோ, அது."

சலவைக்கடை நீராவியும் கறை மருந்தும் இருபத்தாறு வருடமாக அவளுடைய நெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தன. போன மழைக்காலத்தின் கடைசியில், நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, குட்டைக்கரை வரைக்கும் நடந்து போய் ஒரு தாளை முடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. மருத்துவர் தராசுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மழையைப் பற்றித் தான் எதுவும் சொல்லமுடியாது என்றார்.

அந்தக் கடைசித் தாள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் நாலு ஆணியில் தொங்கியது. மேலே அடர்ந்த நீலம் கீழே இறங்க இறங்கப் பச்சையில் கரைந்து போகும். உப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஒரு ஓரத்தில் துருவின் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். மூச்சு வாங்கியபோது, துருத் தண்ணீர் பட்ட கையைக் கீழே ஊன்றப்போய்த் தாளிலேயே ஊன்றிவிட்டாள். அவள் நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓவிய மன்றத்தின் அறிவிப்பு வந்தது. இயற்கையால் உந்தப்பட்ட சோதனை நீர்வண்ண ஓவியங்களுக்கான ஆண்டுக் கண்காட்சி. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். தேர்வாகும் ஓவியத்துக்கு மன்றத்தின் பொன் முத்திரை. தராசுக்காரருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இருபத்தாறு வருடம் உழைத்தவளைச் சலவைக்கடை ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. போவதற்குள் அவளுடைய கைவேலை எதிலாவது ஒரு முத்திரை விழுந்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

"எதுக்குங்க?" என்றாள் அவள். "அது எதிர்ல இருந்தா எனக்கு மூச்சு கொஞ்சம் லேசா வருது."

"பத்து நாள்தான். காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி, உங்க ஆசை. ஆனா திருப்பிக் கொண்டாந்து அதே ஆணியில மாட்டிடணும். அது இல்லாம என்னை அனுப்பிடாதீங்க."

ஓவிய மன்றத்தின் கட்டடத்தில் முதலில் வருவது பதிவு அறை. கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் பதிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பெரிய பதிவேடு, ஒரு மைப்பெட்டி, பத்துப் பன்னிரண்டு ரப்பர் முத்திரைகள். தராசுக்காரருக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி மனம் குளிர்ந்தது.

எழுத்தர் தாளை விரித்து, ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கம் பார்த்து, தலைகீழாகத் திருப்பினார். "எந்தப் பக்கம் மேல?"

"எங்க வீட்டுல நீலம் மேல இருந்துச்சு சார்."

"உங்க வீட்டுல எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கல. ஓவியத்துக்கு எது மேல? வரவு முத்திரை வலப்பக்க மேல்மூலையில விழணும். மேல்பக்கம் இல்லாத ஓவியத்த நான் உள்ள எடுக்க முடியாது."

தராசுக்காரர் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டார். அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க கால் மணி நேரம் ஆயிற்று. "மடியில வச்சு நாலு பக்கமும் சுத்திச் சுத்தித்தாங்க ஓடவிட்டேன். எது மேலன்னு எனக்கே தெரியாது."

இதை அப்படியே எழுத்தரிடம் ஒப்பித்தார். எழுத்தர் பெருமூச்சு விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு மூலையிலும் முத்திரை குத்தினார். கருநீல மை. முத்திரையின் அகலம் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவு இருந்தது. துருத் தடத்தின் சுண்டுவிரல் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது.

"மை கலைஞ்சிடாதே சார்?" என்று தராசுக்காரர் அக்கறையோடு கேட்டார்.

"எங்க மை எதுக்கும் அழியாது," என்றார் எழுத்தர். அந்த மன்றத்தில் தராசுக்காரர் கேட்ட முதல் உண்மை அதுதான், கடைசி உண்மையும் அதுதான். பிறகு எழுத்தர் பதிவேட்டில் ஓவியத்தின் அடையாளங்களை எழுதினார்: நீலம், பச்சை, வெள்ளைப் புள்ளிகள், பழுப்பில் கை போன்ற ஒன்று.

அடுத்த வாரம் இயற்கைச் சரிபார்ப்பு அலுவலர் வந்தார். இயற்கையால் உந்தப்பட்டது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், உந்திய இயற்கையை நேரில் பார்த்துச் சான்று தரவேண்டுமாம். தராசுக்காரர் கடையை மூடிவிட்டு அவரைக் குட்டைக்கு அழைத்துப் போனார். கோடை உச்சம். குட்டை சுருங்கி, நடுவில் கொஞ்சம் கலங்கல் தண்ணீரோடு கிடந்தது. அலுவலர் பையிலிருந்து ஒரு வண்ண அட்டையை எடுத்தார். அதில் அறுபத்துநான்கு நிறங்கள் எண் போட்டு இருந்தன. குனிந்து தண்ணீருக்குப் பக்கத்தில் அட்டையை வைத்து வைத்துப் பார்த்தார்.

"சாம்பல், நாற்பத்தொன்று," என்று குறித்துக்கொண்டார். "உங்க ஓவியத்துல பதினேழாம் நம்பர் நீலம் இருக்கு. அது எங்க?"

"அன்னைக்கு மழை சார். மழை வர்றப்போ இங்க எல்லாமே நீலமாயிடும்."

"மழை வந்துச்சுங்கறதுக்கு ஆதாரம்?"

"நனைஞ்சுக்கிட்டுதான் வீட்டுக்கு வந்தா."

"நனைஞ்ச துணி இருக்கா?"

"இருக்கு சார். ஆனா காய்ஞ்சிடுச்சு."

அலுவலர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாருங்க பெரியவரே, நாங்க இயற்கைக்கு விரோதி இல்ல. எங்க மன்றத்தோட சின்னத்துலேயே ஒரு இலை இருக்கு. ஆனா இயற்கைன்னா ஒரு பொறுப்பு வேணும். ஒருநாள் ஒரு நிறம், இன்னொருநாள் ஒரு நிறம்னு இருந்தா நாங்க எதை வச்சு ஒப்பிடறது? ஓவியம் பரவாயில்ல, பொட்டியில போட்ட மாதிரி ஒழுங்கா இருக்கு. இந்தக் குட்டைதான் சரியில்ல."

அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: ஓவியமும் குட்டையும் பொருந்தவில்லை, தவறு குட்டையினுடையது. கையோடு கொண்டுவந்திருந்த தகரப் பலகை ஒன்றைக் கரையிலிருந்த ஒரே மரத்தில் நாலு அங்குல ஆணியால் அறைந்தார். 'இந்த இயற்கை மன்றத்தின் மறுபரிசீலனையில் உள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. மரத்திலிருந்து பால் வடிந்தது. அவர் அதற்கும் அட்டையில் நிறம் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"எப்ப வரும்?" என்று அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"வரிசையில இருக்கும்மா," என்றார். எதிர்ச்சுவரில் நாலு ஆணிகள் மட்டும் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். அது சத்தமாக இருந்தது.

மூன்றாவது கட்டம் கரைசல் பிரிவு. செவ்வாய்க்கிழமைகளில் உரியவர்கள் போய்ப் பார்க்கலாம் என்றதால் தராசுக்காரர் செவ்வாய்தோறும் போனார். நீளமான அறை. சுவரோரம் குழாய்களும் தொட்டிகளும். மேசைகளில் வெள்ளைப் பீங்கான் தட்டுகள். பிரிவின் தலைவர் முழங்கை வரைக்கும் ரப்பர் உறை போட்டிருந்தார். நல்ல மனிதர், நின்று நிதானமாக விளக்கினார்.

"ஒருத்தர் தைல வண்ணத்துல வரைஞ்சு, நீர்வண்ணம்னு சொல்லிப் பரிசு வாங்கிட்டுப் போயிட்டார். எங்க மானமே போச்சு. அன்னையிலேர்ந்து ஒவ்வொண்ணையும் சோதிச்சுத்தான் விடறோம்."

தராசுக்காரருக்கு நியாயமாகப் பட்டது. அவரும் சோதித்துத்தானே முத்திரை போடுகிறார். "எப்படி சார் சோதிப்பீங்க?"

"ரொம்பச் சுலபம். தண்ணியில கரைஞ்சா அது நீர்வண்ணம். கரையலைன்னா இல்ல."

தராசுக்காரர் சரி என்று தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. அதற்குள் தலைவர் அந்தத் தாளின் ஒரு மூலையைத் தட்டில் இருந்த தண்ணீரில் இறக்கினார். விரலகலப் பச்சை தாளைவிட்டு மெல்லக் கிளம்பித் தண்ணீரில் நெளிந்து காணாமல் போனது. தலைவர் முகத்தில் சந்தோஷம். "பாத்தீங்களா? கரையுது. உங்க மனைவி நேர்மையானவங்க."

தராசுக்காரர் வெளுத்துப்போன மூலையைப் பார்த்தார். இருந்தாலும் ஒரு விரலகலம்தானே, அவளுக்குத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். "அப்போ சோதனை முடிஞ்சுதா சார்?"

"என் சோதனை முடிஞ்சுது. மன்றத்துல நாங்க ஆறு பேர் உறுப்பினர்கள். ஒவ்வொருத்தரும் சோதிக்கணும்."

"நீங்கதான் பாத்துட்டீங்களே. நீங்க சொன்னா மத்தவங்க நம்பமாட்டாங்களா?"

தலைவர் அவரைக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தார். "நம்பறதா? பெரியவரே, ஒருத்தரை ஒருத்தர் நம்பினா இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு? நம்பாம இருக்கறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். தவிர, நான் அலசின மூலையை அவங்க அலச முடியாது. அங்க வண்ணமே இல்லையே. அவங்களுக்குப் புது இடம் வேணும். என்னைவிட மூத்தவங்க, கொஞ்சம் பெரிய இடமாத்தான் கேப்பாங்க."

அலசிய தண்ணீரையும் அவர்கள் வீணாக்கவில்லை. ஒரு புட்டியில் ஊற்றி, மூடி, கம்பி சுற்றி, ஈய முத்திரை வைத்து அலமாரியில் அடுக்கினார்கள். தணிக்கைக்கு வேண்டுமாம். தராசுக்காரரின் கண் தானாக முத்திரைக்குப் போனது. முத்திரைக் குறட்டை ஒழுங்காக அழுத்தவில்லை. கம்பி லொடலொடவென்று இருந்தது. கத்துக்குட்டி வேலை என்று நினைத்துக்கொண்டார்.

அவர் தொழிலில் ஒரு தராசை நூறு தடவை சோதித்தாலும் தராசு தேய்வதில்லை. சோதித்தால் ஒரு பொருள் செத்துப்போகும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தால் அன்றைக்கே தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பார். அந்தச் செவ்வாயை நினைத்து அவர் பின்னால் எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாம் உறுப்பினர் ஒரு சாண் அலசினார். மூன்றாமவர் கீழ்ப்பச்சை முழுவதையும் அலசினார். நான்காமவர் விடுப்பில் போயிருந்ததால் அவருடைய பதிலாள் நீலத்தில் பாதியை அலசினார். விடுப்பு முடிந்து வந்த நான்காமவர், பதிலாளை எப்படி நம்புவது என்று மீதிப் பாதியில் ஒரு பங்கைத் தானே அலசினார். ஐந்தாவது வாரம் தராசுக்காரர் போனபோது தாளில் மேலோரத்தில் ஒரு கீற்று நீலமும், அந்தத் துருக் கையும்தான் மிச்சம் இருந்தன. படியிறங்கிப் பதிவு அறைக்கு ஓடினார்.

"சார், எனக்குக் கண்காட்சி வேண்டாம், முத்திரை வேண்டாம். தாளைக் குடுத்துடுங்க. எம் மனைவி பொழைக்கமாட்டா. அது வேணும்னு கேக்கறா."

எழுத்தர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. உடனே பதிவேட்டைத் திறந்தார், கரைசல் பிரிவிலிருந்து தாளையும் வரவழைத்தார். ஒவ்வொரு அடையாளமாக விரல் வைத்துப் பார்த்தார். "நீலம்னு எழுதியிருக்கு. நீலம் எங்க?"

"நீங்கதான் சார் அலசிட்டீங்க."

"யார் அலசினாங்கங்கறது வேற பிரிவு. நான் கேக்கறது, பதிவேட்டுல நீலம் இருக்கு, பச்சை இருக்கு. இந்தத் தாள்ல ரெண்டும் இல்ல. அப்போ இது உங்க ஓவியம் இல்ல. இன்னொருத்தர் தாளை உங்ககிட்ட தூக்கிக் குடுத்தேன்னு நாளைக்கு என் தலைதான் உருளும்."

"எம் மனைவியோட கை சார் இது." துருத் தடத்தைத் தொட்டுக் காட்டினார்.

எழுத்தர் குனிந்து பார்த்தார். "கை போன்ற ஒன்றுன்னுதான் பதிவு இருக்கு. கைன்னு இல்லையே," என்றார் மிருதுவாக. "பொறுங்க. சோதனை முடியட்டும். தாள்ல என்ன மிஞ்சுதோ அதுக்குத் தகுந்த மாதிரி பதிவேட்டைத் திருத்திடுவாங்க. அப்புறம் பொருந்திடும், வாங்கிட்டுப் போகலாம்."

தராசுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தார்.

ஐந்தாம் உறுப்பினர் அந்தக் கீற்று நீலத்தை முடித்துவைத்தார். ஆறாம் உறுப்பினருக்குத் துருக் கை மட்டும் வாய்த்தது. அது வெறும் தண்ணீருக்கு அசையவில்லை. கரைசல் பிரிவில் ஒரே பரபரப்பு. கரையாவிட்டால் இவ்வளவு நாளும் ஒரு போலி ஓவியத்தோடு மன்றம் மாரடித்தது என்று ஆகிவிடும். தராசுக்காரருக்கு மட்டும் அன்றைக்கு நெஞ்சில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. போலியென்றே ஆகட்டும், திட்டி விரட்டட்டும், அந்தக் கையாவது வீடு வந்து சேரட்டும் என்று ஓரமாக நின்று வேண்டிக்கொண்டார். வெந்நீர் வந்தது. எலுமிச்சைச் சாறும் உப்பும் வந்தன. மென்மையான தூரிகையும் வந்தது. ஆறாம் உறுப்பினர் வயதானவர், மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தார். கடைசியில் ஐந்து விரலும் ஒவ்வொன்றாகப் போயின. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஏழாவது புட்டியை மூடி முத்திரை வைத்தார்கள்.

கண்காட்சி திறந்த அன்று தராசுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பெரிய கூடம், நல்ல வெளிச்சம். சுவர் நெடுக நாற்பது சட்டங்கள். நாற்பதிலும் வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றிலும் நாலு மூலையிலோ இரண்டு மூலையிலோ கருநீல முத்திரைகள் மட்டும். பக்கத்தில் தாளைவிடப் பெரிய சட்டத்தில் சான்றிதழ். பார்க்க வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளின் முன்னாலும் இரண்டடி பின்வாங்கி நின்று தலையாட்டினார்கள். அங்கங்கே சிலர் அழுதார்கள். அவர்கள் வரைந்தவர்கள் என்று தராசுக்காரர் புரிந்துகொண்டார். மற்றவர்கள் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மன்றத் தலைவர் மேடையேறினார். "நண்பர்களே, இயற்கை என்றால் என்ன? தூய்மை. தூய்மை என்றால் என்ன? எதுவும் இல்லாமல் இருப்பது. நாற்பது ஆண்டுகளாக இந்த மன்றம் அந்த இலக்கை நோக்கி உழைத்து வந்திருக்கிறது. முன்பெல்லாம் இங்கே தொங்கிய ஓவியங்களைப் பற்றிச் சண்டை வரும். இது என்ன என்பார்கள், புரியவில்லை என்பார்கள். இன்று ஒரு சண்டை உண்டா? ஒரு கேள்வி உண்டா? இந்தத் தாள்களில் குறை கண்டுபிடிக்க உலகத்தில் எவராலும் முடியாது. இவற்றுள்ளும் ஒன்று, ஒரு சலவைத் தொழிலாளியின் படைப்பு, கடைசிப் பிடிவாதத்தையும் விட்டுக்கொடுத்து நூறு விழுக்காடு கரைந்தது. பொன் முத்திரை அதற்கே."

தாளின் நட்டநடுவில் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரையை அழுத்தினார்கள். அவர் ஆசைப்பட்டது வந்துவிட்டது. தராசுக்காரர் மேடையில் நின்று கும்பிட்டார். என்ன செய்வதென்று தெரியாததால் கும்பிட்டார்.

பத்து நாள் கழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எழுத்தர் பதிவேட்டில் நீலத்தையும் பச்சையையும் புள்ளிகளையும் கையையும் அடித்துவிட்டு, 'வெள்ளை' என்று எழுதிக் காட்டினார். "இப்போ பொருந்துது பாத்தீங்களா?" தராசுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அவள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. "கொண்டாந்துட்டீங்களா? காட்டுங்க," என்றாள். தராசுக்காரர் சுருட்டிய தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவள் கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

அவள் விரித்தாள். பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கடையில் துணியைத் தடவுகிற மாதிரி விரல் நுனியால் தாளைத் தடவினாள்.

"எத்தன தண்ணி அலசினாங்க?"

"ஏழு."

"துரு அவ்வளவு சீக்கிரம் போகாதே. எலுமிச்சம்பழம் போட்டாங்களா?"

"ஆமா. உப்பும் வெந்நீரும்."

"வேலை தெரிஞ்சவங்கதான்," என்றாள். அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. "நல்ல தாளுங்க. ஏழு தண்ணிக்கும் நூல் பிரியாம நின்னிருக்கு." அவர் கட்டில் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான்தான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனேன் என்றார். அவள் அவர் தலையில் கையை வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அலசின தண்ணிய என்ன பண்ணாங்க?"

மறுநாள் செவ்வாய் அல்ல. ஆனாலும் பொன் முத்திரைக்காரர் என்பதால் கரைசல் பிரிவில் உள்ளே விட்டார்கள். தண்ணீரைக் கேட்டார். பிரிவுத் தலைவர் மனம் நெகிழ்ந்து, அதற்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, பன்னிரண்டு வருடப் பாதுகாப்புக் காலம் முடிந்ததும் பரிசீலிப்பார்கள் என்று சொல்லி, விண்ணப்பத் தாளைத் தேட அடுத்த அறைக்குப் போனார். தராசுக்காரர் சட்டைப் பையிலிருந்து குறட்டை எடுத்தார். ஏழாவது புட்டியின் ஈயத்தைச் சூடு காட்டாமல், கம்பி அறாமல், நெகிழ்த்திப் பிரித்தார். தண்ணீரைத் தான் கொண்டுபோன மருந்துப் புட்டியில் ஊற்றிக்கொண்டு, குழாயில் அதே அளவு பிடித்துவிட்டுத் திரும்ப மூடினார். முதல் புட்டிக்கும் அப்படியே. அதற்குமேல் நேரமில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் திருட்டுத்தனமாகப் பிரித்த முத்திரைகள் அவை இரண்டுதான். அவர் மூடியபிறகு கம்பி லொடலொடக்கவில்லை. அந்த அலமாரியில் ஒழுங்கான முத்திரைகள் அவை இரண்டுதான் என்பதையும் சொல்லவேண்டும்.

அவள் மருந்துப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சையும் துருவும் ஒன்றாகி, கலங்கலாக, நிறமென்று சொல்லமுடியாத ஒரு சாம்பலாக இருந்தது.

"எல்லாம் ஒண்ணாச் சேந்துட்டா சேறுதான்," என்றாள். "கோடையில குட்டை இப்படித்தாங்க இருக்கும்."

நாற்பத்தொன்று என்று தராசுக்காரருக்கு ஞாபகம் வந்தது. இப்போது ஓவியம் இயற்கையோடு பொருந்திவிட்டது. அவர் அதைச் சொன்னார். அவள் சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. புட்டியைத் தலைமாட்டு ஜன்னலில் வைக்கச் சொன்னாள். தாளை அதே நாலு ஆணியில் மாட்டச் சொன்னாள். மாட்டப் போனவர் கையில் தாளோடு திரும்பி நின்று, எது மேல் என்று கேட்க வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அவள் அந்த முத்திரைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பத்தாம் நாள் விடியலில் போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானம் அந்த வருடத்தின் முதல் மழை பெய்தது.

அதற்குப் பிறகு தராசுக்காரர் கடையைத் திறக்கிறார், மூடுகிறார். தாள் இப்போது கடைச்சுவரில் படிக்கற்களுக்கு மேலே தொங்குகிறது. கோடை திரும்பி வந்த ஒருநாள் காய்கறிக்காரர் தராசைக் கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது, வெறும் தாள்ல அஞ்சு முத்திரை?"

"எம் மனைவி வரைஞ்ச ஓவியம்."

காய்கறிக்காரர் கிட்டே போய், கண்ணைச் சுருக்கி, ஓரத்திலிருந்தும் பார்த்தார். "ஓவியம் எங்கண்ணே?"

தராசுக்காரர் தட்டில் ஒரு கல்லை வைத்தார். முள் ஆடி ஆடி நடுவில் நிற்கும்வரை காத்திருந்தார்.

"அலசிப் பாத்தாங்க," என்றார். "அசல்தானாம்."